ஒளிச்சேர்க்கைப் பாடம்: மரத்தின் எடை மண்ணிலிருந்து வருகிறது என்று நம்பும் மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

தென்மாவட்ட அறிவியல் ஆசிரியை (கேள்வி)

ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பித்து வருகிறேன். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை நடத்தி முடித்தபின் ஏற்பட்ட ஒரு சிக்கலை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே வகுப்புகளைக் கையாளும் உங்கள் அனுபவத்திலிருந்து வழி கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஒளி, பச்சையம் இவற்றின் துணையோடு வினைபுரிந்து குளுக்கோஸும் ஆக்சிஜனும் உருவாகின்றன என்ற சமன்பாட்டை வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். அலகுத் தேர்விலும் நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் பாடம் முடிந்த மறுநாள், புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். நம் பள்ளி வாசலில் நிற்கும் வேப்பமரம் ஒரு சிறு விதையிலிருந்து முளைத்தது. இன்று அதை வெட்டினால் ஒரு லாரி நிறைய விறகு கிடைக்கும். அந்த எடை முழுவதும் எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலோர் மண் என்றும் உரம் என்றும் தண்ணீர் என்றும் எழுதியிருந்தார்கள். சிலர் சூரிய ஒளி என்று எழுதினார்கள். காற்று என்ற சொல் ஒரு தாளில்கூட இல்லை. சமன்பாட்டை முதல் ஆளாக எழுதிக் காட்டும் மாணவியே எழுந்து, “மண்ணிலிருந்து சத்தை எடுத்துத்தானே மிஸ் மரம் வளருது, அதனாலதானே வயலுக்கு உரம் போடுறோம்?” என்று கேட்டாள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவள். உரம் போட்ட வயலும் போடாத வயலும் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு நான் சொல்லும் விடை வெறும் அறிவுரையாக இருந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஆய்வகத்துக்கென்று தனி அறை கிடையாது. ஒரு அலமாரியில் சில பீக்கர்களும் சோதனைக் குழாய்களும் இருக்கின்றன. வகுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஒரு பாடவேளை நாற்பத்தைந்து நிமிடம். மேசையில் நான் ஒரு சோதனையைச் செய்து காட்டினால் முதல் இரண்டு வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிகிறது. காற்றில் உள்ள ஒரு வாயுதான் மரமாக மாறியிருக்கிறது என்பதை இந்தப் பிள்ளைகள் தாங்களே உணரும்படி பாடத்தை எப்படி அமைப்பது, எல்லோரும் கைவைத்துச் செய்யக்கூடிய சோதனைகள் எவை, அவர்கள் உண்மையிலேயே புரிந்துகொண்டார்களா என்பதை எப்படி அறிவது என்று வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. தேர்வில் சமன்பாடு சரியாக வந்ததோடு நிறைவடையாமல் அந்த வேப்பமரக் கேள்வியைக் கேட்டீர்களே, அதுவே பாடத்தின் உண்மையான தொடக்கம் என்று கருதுகிறேன். உங்கள் மாணவி கேட்டது தவறான கேள்வி அன்று. தான் கண்டதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். ஐரோப்பாவிலும் அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் அதே முடிவில்தான் இருந்தார்கள். ஆகவே அவளை மறுப்பதற்கு முன், அவள் கருத்து சரியென்றால் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று அவளையே சொல்லவைக்க வேண்டும். மரத்தின் எடை மண்ணிலிருந்து வந்தது என்றால், மரம் வளர வளர அதன் அடியில் மண் குறைந்துகொண்டே போக வேண்டும். தொட்டியில் வளரும் செடியைப் பார்த்திருக்கும் எந்தப் பிள்ளையும் இந்த இடத்தில் யோசிக்கத் தொடங்கிவிடும்.

இதற்குத் துணையாக வான் ஹெல்மாண்டின் சோதனையை எண்களோடு கரும்பலகையில் எழுதுங்கள். முடிவை மட்டும் எழுதாமல் விடுங்கள். பெல்ஜியத்தில் வாழ்ந்த அவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, மழைநீரையும் வடித்த நீரையும் மட்டும் ஊற்றி 5 ஆண்டுகள் வளர்த்தார். இறுதியில் மரம் 169 பவுண்டும் சில அவுன்சும் இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. அதாவது மரம் எழுபது கிலோவுக்கு மேல் கூடியிருக்க, மண் ஐம்பது அறுபது கிராம்தான் குறைந்தது. இந்த விவரம் அவர் இறந்தபின் 1648-இல் அச்சானது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று மாணவர்களைக் கேளுங்கள். தொட்டியைச் சுற்றி இருந்தது என்ன என்ற கேள்வியிலிருந்து காற்று என்ற விடையை யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வராமல் அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

உரத்தைப் பற்றிய கேள்விக்கு விறகடுப்பில் விடை இருக்கிறது. நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகை எரித்தால் மிஞ்சும் சாம்பல் பெரும்பாலும் சில பத்துக் கிராம்தான். மண்ணிலிருந்து மரம் எடுத்துக்கொண்ட கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் போன்றவற்றின் பெரும்பகுதி அந்தச் சாம்பலில் கிடக்கிறது. மண்ணிலிருந்து வந்த நைட்ரஜன் மட்டும் புகையோடு போய்விடுகிறது. அதன் அளவும் குறைவே. மற்றதெல்லாம் எங்கே போனது? கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் காற்றுக்குத் திரும்பியது. கார்பன் எங்கிருந்து வந்ததோ அங்கேயே போயிருக்கிறது. உரத்தின் அளவு, குழம்பில் சேரும் உப்பின் அளவைப் போன்றது: எடையில் மிகக் குறைவு, அது இல்லாமலோ காரியம் நடவாது. பச்சையத்தையும் புரதத்தையும் கட்ட நைட்ரஜன் தேவை என்பதால்தான் உரம் போட்ட வயல் கரும்பச்சையாகச் செழிக்கிறது. அதிகப் பச்சையம் உள்ள இலை காற்றிலிருந்து அதிகக் கார்பனைப் பிடிக்கிறது. ஆக, அந்த மாணவி கண்ட உண்மை அப்படியே நிற்கிறது. அதற்கான காரணம் மட்டும் மாறுகிறது.

அடுத்து வரும் தடை, காற்றுக்கு எடை உண்டு என்பதையே பிள்ளைகள் மனதார ஏற்காமல் இருப்பது. ஊதிய பலூனையும் ஊதாத பலூனையும் குச்சியின் இரு முனையில் கட்டித் தொங்கவிடும் சோதனையை நான் பரிந்துரைக்கமாட்டேன். பலூனுக்குள் உள்ள காற்றின் எடையை அது வெளியே இடப்பெயர்ச்சி செய்த காற்றின் மிதப்பு விசை ஏறக்குறைய ஈடுகட்டிவிடுவதால், வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இருக்கும். அதற்குப் பதிலாக விளையாட்டு ஆசிரியரிடம் கால்பந்தும் பம்பும் வாங்கிக்கொள்ளுங்கள். தன் வடிவத்துக்கு வந்துவிட்ட, ஆனால் இன்னும் மெத்தென்று இருக்கும் பந்தை ஒரு கிராம் துல்லியமுள்ள மின்னணுத் தராசில் நிறுத்து, பிறகு நன்றாக இறுகக் காற்றடித்து மீண்டும் நிறுத்தால் சில கிராம் கூடியிருக்கும். எண் மாறுவதை ஒரு மாணவரே உரக்கப் படித்துச் சொல்லட்டும்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காடுதானே, அது போதுமா என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். அப்போது கணக்குப் போடவைக்கலாம். ஒரு கன மீட்டர் வெளிக்காற்றில் ஏறத்தாழ 0.75 கிராம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அதில் கார்பன் மட்டும் 0.2 கிராம் அளவு. இருபதடிக்கு இருபதடி, பத்தடி உயரமுள்ள வகுப்பறையின் கொள்ளளவு சுமார் 113 கன மீட்டர் என்பதால் அந்த அறைக் காற்றில் 23 கிராம் கார்பன் இருக்கும். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். எனவே ஒரு கிலோ காய்ந்த மரத்துக்கு இருபதுக்கும் சற்று மேற்பட்ட வகுப்பறைகளின் காற்றிலுள்ள கார்பன் முழுவதும் தேவைப்படுகிறது. மரத்துக்கு ஏன் அத்தனை இலைகள், அவை ஏன் அப்படி விரிந்து பரந்திருக்கின்றன என்பதற்கும் இந்தக் கணக்கு விடை சொல்லிவிடும்.


மலையடிவாரப் பள்ளி

ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். நான் செய்முறைப் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். இலையில் மாவுச்சத்து உருவாகியிருக்கிறதா என்பதை அயோடினின் நிறமாற்றத்தால் அறியும் ஸ்டார்ச் சோதனை பல பள்ளிகளில் சரியாக வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இலைத் தேர்வுதான். வெங்காயத் தாள் போன்ற பல ஒருவித்திலைத் தாவரங்கள் இலையில் ஸ்டார்ச்சைச் சேமிக்காமல் சர்க்கரையாகவே வைத்திருப்பதால் அவற்றில் நிறம் மாறாது. மெழுகுப் பூச்சுள்ள தடித்த இலைகளில் பச்சையம் எளிதில் வெளியேறாது. செம்பருத்தி, காசித்தும்பை போன்ற மெல்லிய இலைகள் நல்ல பயன் தரும். ஒளியின் தேவையைக் காட்ட வேண்டுமானால், தொட்டிச் செடியை முதலில் ஒன்று அல்லது இரண்டு நாள் இருட்டறையில் வைத்து இலையிலுள்ள ஸ்டார்ச்சைத் தீர்த்துவிட வேண்டும். பிறகு ஓர் இலையின் நடுவில் கருப்புத் தாளைக் கிளிப்பால் பொருத்தி வெயிலில் வைத்து, பிற்பகலில் பறித்துச் சோதிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. அதைப் பலர் விட்டுவிடுகிறோம். கருப்புத் தாள் ஒளியை மட்டும் மறைப்பதில்லை, இலைக்குக் காற்று போவதையும் ஓரளவு தடுக்கிறது. அப்படியானால் ஸ்டார்ச் உருவாகாததற்கு ஒளியின்மைதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே செடியில் இன்னோர் இலைக்கு அதே அளவுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டை அதே போன்ற கிளிப்பால் பொருத்தினால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இந்தக் குறையை மாணவர்களே கண்டுபிடித்து, இரண்டாவது இலையை அவர்களே கேட்கும்வரை நான் பிளாஸ்டிக் துண்டை எடுக்கமாட்டேன். கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்பதை வரையறையாகக் கற்பிப்பதைவிட இது ஆழமாகப் பதிகிறது.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இலையின் பச்சையத்தைக் கரைத்தெடுக்கப் பயன்படும் ஸ்பிரிட் (ஆல்கஹால்) இருக்கும் அறையில் அடுப்பும் தீக்குச்சியும் இருக்கவே கூடாது. ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். சத்துணவுக் கூடத்திலிருந்து கொதிநீரை மூடியுள்ள பாத்திரத்தில் வாங்கி வந்து, இலையை முதலில் அதில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். அதன்பின் இலையைச் சோதனைக் குழாயில் இட்டு, மூழ்கும் அளவு ஸ்பிரிட் ஊற்றி, குழாயைச் சுடுநீர் உள்ள எவர்சில்வர் டம்ளரில் நிறுத்தினால் போதும். நீர் ஆறினால் மாற்றிக்கொள்ளலாம். சில நிமிடங்களில் ஸ்பிரிட் பச்சையாகி, இலை வெளுத்துவிடும். ஸ்பிரிட் நச்சு என்பதால் ஆசிரியர் மட்டுமே அதை ஊற்ற வேண்டும், புட்டி அவர் கையை விட்டுப் போகக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். வெளுத்த இலை மொறமொறவென்று இருக்கும். குளிர்ந்த நீரில் அலசினால் மிருதுவாகும். இந்த அலசலைத் தவிர்க்கக் கூடாது, ஏனென்றால் சூடாக இருக்கும் ஸ்டார்ச்சில் அயோடின் நீலநிறம் காட்டாது. அயோடின் கரைசல் இல்லையென்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடினைத் தண்ணீர் கலந்து தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்தலாம். முதலில் சோறு வடித்த கஞ்சியில் ஒரு துளி விட்டுக் காட்டினால், என்ன நிறத்தை எதிர்பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

அம்மா கேட்பது கார்பன் டை ஆக்சைடின் தேவையைப் பற்றி என்பதால், இலையின் ஒரு பாதியை மட்டும் கார்பன் டை ஆக்சைடு இல்லாத புட்டிக்குள் வைத்துப் பார்க்கும் மோலின் அரை இலைச் சோதனையை இதோடு சேர்த்துச் செய்யலாம். ஆனால் அதில் பயன்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரிக்கக்கூடியது. பள்ளி மாணவர்கள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பாது. நீற்றிய சுண்ணாம்பை ஈரமாகக் குழைத்துப் புட்டிக்குள் வைத்தாலும் அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும். இருட்டில் வைத்த செடியின் ஒரு கிளையைச் சுண்ணாம்பு உள்ள பிளாஸ்டிக் புட்டிக்குள்ளும், மற்றொரு கிளையை வெறும் நீர் உள்ள புட்டிக்குள்ளும் நுழைத்து, வாயைப் பஞ்சாலும் வாசலினாலும் அடைத்து வெயிலில் வைக்கலாம். சுண்ணாம்பும் கண்ணில் படக் கூடாத பொருள்தான். அதையும் ஆசிரியரே கையாள வேண்டும். இதை ஒரே பாடவேளையில் அடக்க முயல வேண்டாம். காலையில் புட்டிகளைக் கட்டிவிட்டு, கடைசிப் பாடவேளையில் இலையைச் சோதிக்கும்படி அன்றைய கால அட்டவணையைத் தலைமையாசிரியரிடம் பேசி மாற்றிக்கொள்வது நல்லது.


காவிரிப் படுகை ஆசிரியர்

மேலே சொன்ன இரண்டும் சிறப்பானவை. ஆனால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஸ்டார்ச் சோதனை ஆசிரியரின் சோதனையாகவே முடிந்துவிடுகிறது என்பதே என் கருத்து. சூடான நீர், ஸ்பிரிட், சுண்ணாம்பு மூன்றிலும் மாணவர்கள் கை படக் கூடாது என்றால், அவர்கள் செய்வதற்கு அதில் என்ன இருக்கிறது? எனவே இலைத்தட்டுச் சோதனையைப் பரிந்துரைக்கிறேன். இதில் நெருப்பும் இல்லை, நச்சும் இல்லை; ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் தனித்தனியே செய்யலாம்.

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு விரலால் எடுக்கும் அளவு சமையல் சோடாவைக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரே ஒரு துளியை நுரை வராமல் கலக்க வேண்டும். பசலைக் கீரை போன்ற மெல்லிய இலையிலிருந்து நடு நரம்பைத் தவிர்த்து, தாளில் துளையிடும் கருவியால் பத்து வட்டத் துண்டுகளை வெட்ட வேண்டும். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் துண்டுகளைப் போட்டு, சோடாக் கரைசலைப் பாதியளவு உறிஞ்சி, உள்ளே உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, முனையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பின்னால் இழுக்க வேண்டும். இலையின் உள்ளே செல்களுக்கு இடையில் இருக்கும் காற்று சிறு குமிழிகளாக வெளியேறுவதைப் பிள்ளைகள் தங்கள் கையிலேயே பார்ப்பார்கள். விரலை எடுத்ததும் அந்த இடைவெளிகளுக்குள் கரைசல் புகுந்து, துண்டுகள் கனத்து மூழ்கும். எல்லாத் துண்டுகளும் மூழ்கும்வரை இரண்டு மூன்று முறை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கலாம். பிறகு கரைசலோடு சேர்த்து ஒளிபுகும் டம்ளரில் ஊற்றி வெயிலில் வைத்தால், உருவாகும் ஆக்சிஜன் இலைக்குள் தேங்கி, சில நிமிடங்களில் துண்டுகள் ஒவ்வொன்றாக மேலெழத் தொடங்கும்.

இதன் சிறப்பு, மாறிகளை மாற்றிப் பார்க்க முடிவதில் இருக்கிறது. ஒரு குழு கார்பன் டை ஆக்சைடைத் தரும் சோடா இல்லாமல், கொதிக்கவைத்து ஆறவைத்த நீரைப் பயன்படுத்தட்டும்; அதில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு என்பதால் துண்டுகள் அடியிலேயே கிடக்கும். வேறொரு குழு டம்ளரைக் கருப்புத் துணியால் சுற்றி அதே வெயிலில் வைக்கட்டும். வெயிலின் சூட்டினால்தான் துண்டுகள் மிதக்கின்றன என்று ஒருவர் சொன்னால் அந்த டம்ளரே விடை தரும். ஒவ்வொரு நிமிடமும் எத்தனை துண்டுகள் மிதக்கின்றன என்று எழுதி, வரைபடத்தாளில் குறித்தால் ஒளிச்சேர்க்கையின் வேகம் என்ற கருத்தும் கையோடு வந்துவிடும். மிதக்கும் துண்டுகளை இருட்டில் எடுத்துவைத்துச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அவற்றில் பல மீண்டும் மூழ்கியிருக்கும், ஏனென்றால் இலை சுவாசித்துத் தேங்கியிருந்த ஆக்சிஜனைச் செலவிட்டிருக்கிறது. செடி இரவில் மட்டுமே சுவாசிக்கிறது என்று எண்ணும் பிள்ளைகள் நிறைய பேர் உண்டு. அது இரவு பகல் எந்நேரமும் சுவாசிக்கிறது, பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் அதிகமாக இருப்பதால் சுவாசம் நமக்குத் தெரிவதில்லை என்று விளக்குவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

ஒன்றை மட்டும் மறவாமல் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். டம்ளரை வெயிலில் வைக்கும் முன், என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று ஒவ்வொரு மாணவரும் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்க வேண்டும். முன்கூட்டியே எழுதாத பிள்ளை, நடந்ததைப் பார்த்தபின் தானும் அதையே நினைத்ததாக நம்பிவிடும்.


குறுவள மையக் கருத்தாளர்

அம்மா கேட்டவற்றில் மூன்றாவது கேள்வியை, அதாவது மதிப்பீட்டைப் பற்றி யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். வேப்பமரக் கேள்வி போன்ற கேள்விகளை அலகுத் தேர்வில் ஒன்றாவது சேர்த்தால் ஒழிய, மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் தேர்வுக்கு வெளியே நிற்கும் வேடிக்கையாகவே மாணவர்களுக்குத் தோன்றும். நான் பயன்படுத்தும் சில கேள்விகளைச் சொல்கிறேன். மண்ணே இல்லாமல், உப்புகள் கரைந்த நீரில் மட்டும் வேர் ஊன்றி வளரும் கீரையின் எடை எங்கிருந்து வருகிறது? காற்றுப் புகாமல் மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் மண்ணும் நீரும் செடியும் வைத்து வெயிலில் விட்டால், செடி வளர்ந்தபின் புட்டியின் மொத்த எடை கூடுமா, குறையுமா, மாறாமல் இருக்குமா? இருட்டில் முளைக்கவைத்த பச்சைப் பயற்றை உலர்த்தி நிறுத்தால், முளைக்கும் முன் இருந்த உலர் எடையைவிடக் குறைவாக இருப்பது ஏன்? இந்த மூன்றாவது கேள்வியில், முளை பெரிதாகத் தெரிந்தாலும் உலர் எடை குறைகிறது என்பதை ஏற்கப் பிள்ளைகள் மிகவும் தடுமாறுகிறார்கள். சுவாசத்தில் கார்பன் வெளியேறுகிறது என்று தாங்களே காரணம் சொல்லும்போது இரண்டு பாடங்களும் ஒன்றாக இணைகின்றன. விடைக்குப் பாதி மதிப்பெண்ணும் காரணத்துக்குப் பாதி மதிப்பெண்ணும் வழங்குங்கள்.

ஆசிரியருக்குக் கிடைக்க வேண்டிய துணையைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் 2002 வரை நடந்தது. அங்கே மாணவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து எளிய பொருட்களைக் கொண்டு தாங்களே சோதனை செய்தார்கள். தேர்வறைக்குப் புத்தகத்தை எடுத்துச் செல்லலாம். செய்முறையும் தேர்வில் இருந்தது. சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரத்துக்குப் பிள்ளைகள் தங்கள் ஐயங்களைக் கடிதமாக எழுதினார்கள், பதிலும் வந்தது. எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, நடத்திய சோதனையில் எது வரவில்லை, எங்கே பிள்ளைகள் தடுமாறினார்கள் என்று பேசிக்கொண்டதுதான். தனியொரு ஆசிரியர் எவ்வளவு ஆர்வம் உள்ளவராக இருந்தாலும், சிரிஞ்சில் துண்டுகள் மூழ்காதபோது கேட்பதற்கு ஆள் இல்லையென்றால் அடுத்த ஆண்டு அதைச் செய்யமாட்டார். நம் மாநிலத்தில் அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன. 2022-இல் தொடங்கிய தமிழக அரசின் திட்டமான வானவில் மன்றத்தின் வழியாக நடுநிலை வகுப்புகளுக்குச் சோதனைகளைக் கொண்டுசெல்லும் கருத்தாளர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் ஒரு மணி நேரத்தையாவது, படிவங்களைப் பற்றிப் பேசாமல், அடுத்த மாதப் பாடத்தின் சோதனையை நாமே செய்து பார்ப்பதற்கு ஒதுக்கும்படி கேட்டுப் பெற வேண்டும். உங்கள் ஒன்றியத்தில் இன்னும் இரண்டு மூன்று ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு இந்த ஒளிச்சேர்க்கைப் பாடத்திலேயே அதைத் தொடங்குங்கள்.


தென்மாவட்ட அறிவியல் ஆசிரியை

நேரம் ஒதுக்கி இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வான் ஹெல்மாண்டின் எண்களை நேற்று கரும்பலகையில் எழுதினேன். மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ்தான் என்றதும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகி, அதன்பின் பெரும் விவாதமே நடந்தது. வரும் திங்கட்கிழமை இலைத்தட்டுச் சோதனையை எட்டுக் குழுக்களாகச் செய்யவிருக்கிறோம். சாம்பலை நிறுக்கும் வேலையை உரம் பற்றிக் கேட்ட அந்த மாணவியிடமே ஒப்படைத்திருக்கிறேன்.

விவாதத்தின்போது ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு மட்டும் உங்கள் துணை தேவைப்படுகிறது. கார்பன் டை ஆக்சைடில் உள்ள கார்பனைச் செடி எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஆக்சிஜனைத்தான் வெளியே விடுகிறதா என்று கேட்டான். இல்லை, அது நீரிலிருந்து வருகிறது என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று உடனே கேட்டான். ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு இதை எந்த அளவில் விளக்கலாம்?


ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்

அந்த மாணவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவன் சொன்னதைத்தான் விஞ்ஞானிகளும் நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவை சில பாக்டீரியாக்கள். ஒளியைப் பயன்படுத்தி வாழும் கந்தக பாக்டீரியாக்கள் நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொண்டு, ஆக்சிஜனை வெளியிடாமல் கந்தகத்தைச் சேர்த்துவைக்கின்றன. அவையும் கார்பன் டை ஆக்சைடைத்தான் பயன்படுத்துகின்றன. ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதாக இருந்தால் அவையும் ஆக்சிஜனை வெளியிட்டிருக்க வேண்டுமே என்று வான் நீல் என்ற அறிஞர் சிந்தித்தார். கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து வருவதுபோல ஆக்சிஜன் நீரிலிருந்து வர வேண்டும் என்பது அவருடைய ஊகம்.

1941-இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் காமனும் உடன் பணியாற்றியவர்களோடு அமெரிக்காவின் பெர்க்லியில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். சாதாரண ஆக்சிஜனைவிடச் சற்றுக் கனமான ஆக்சிஜன்-18 என்ற ஐசோடோப்பு உள்ள நீரைப் பாசிக்குக் கொடுத்தபோது, வெளிவந்த ஆக்சிஜனிலும் அந்தக் கனமான அணுக்கள் இருந்தன. கார்பன் டை ஆக்சைடுப் பக்கம் கனமான அணுக்களை வைத்தபோது வெளிவந்த வாயுவில் அவை வரவில்லை. அடையாளம் இட்ட அணுவைப் பின்தொடர்ந்து சென்று கண்டுபிடித்தார்கள் என்ற அளவில் சொன்னால் ஒன்பதாம் வகுப்புக்குப் போதுமானது. ஐசோடோப்பு என்ற கருத்து வேதியியல் பாடத்திலும் அவர்களுக்கு வருகிறது.

அவனே சரிபார்க்கக்கூடிய ஒன்றையும் கொடுங்கள். பாடத்தில் சுருக்கமாக எழுதும் சமன்பாட்டில் 6 நீர் மூலக்கூறுகள் மட்டும் இருக்கின்றன. அவற்றிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் 6. ஆனால் வெளிவரும் 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு 12 அணுக்கள் தேவை. ஆக்சிஜன் முழுவதும் நீரிலிருந்து வருகிறது என்றால் இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும் என்று அவனிடம் கேளுங்கள். இடப்பக்கம் 12 நீர் மூலக்கூறுகளும் வலப்பக்கம் புதிதாக உருவாகும் 6 நீர் மூலக்கூறுகளும் இருந்தால்தான் சமன்பாடு நேராகும் என்று அவனே கண்டுபிடிப்பான். ஓரிரு நாள் அவகாசம் கொடுங்கள்; விடையைக் கரும்பலகையில் அவனே எழுதட்டும்.